தொகுதி தெரியும், பகுதி தெரியாது

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஓர் இரவு, நாங்கள் எழுதிய நிரல் ஆய்வுக் கருவி 99 விழுக்காட்டுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரி அலுவலகத்தில் அப்போது ஒருவர்தான் இருந்தார். வில்லியனூருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய இளைஞர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு வந்து சேர்ந்திருந்த என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, அம்பது நிமிஷமா அதே எடத்துல நிக்குது. தொங்கிப்போச்சுன்னு நினைக்கிறேன். நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார். நானும் நிறுத்தச் சொன்னேன். மறுநாள் அதே நிரல்தொகுப்பை மறுபடியும் ஓட்டி, ஒவ்வொரு கோப்பும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்துக்கொண்டு பார்த்தபோது, அந்த இரவில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு கோப்பு என்பதும், அந்தக் கோப்பு முடிவதற்கு 57 நிமிடம் ஆகும் என்பதும் தெரிந்தன. இன்னும் 7 நிமிடம் பொறுத்திருந்தால் அதுவரை நடந்திருந்த நான்கு மணி நேர வேலை வீணாகியிருக்காது.

அந்த முன்னேற்றப் பட்டையை எழுதியவன் நான்தான். நான் எழுதிய பட்டையே என்னை ஏமாற்றியது என்பதால், எங்கே தவறினேன் என்று பல வாரங்கள் யோசித்தேன். இந்தக் கட்டுரை அந்த யோசனையிலிருந்து பிறந்தது.

எங்கள் கருவி சி மொழி நிரல்களை ஓட்டிப் பார்க்காமலேயே படித்து, எங்கே வெற்றுச் சுட்டியைத் தொட நேரிடும், எங்கே மதிப்புகளை வரிசையாக வைக்கும் அணியின் எல்லை தாண்டப்படும், எங்கே திறந்த கோப்பு மூடப்படாமல் போகும் என்பவற்றைச் சொல்லும். ஸ்டாடிக் அனாலிசிஸ் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். சிறிய நிரலுக்குச் சில நொடிகள் போதும். வாடிக்கையாளர் ஒருவரின் தொகுப்பைப் போல் ஆயிரத்துச் சொச்சம் கோப்புகள் இருந்தால் மணிக்கணக்காகும். நான் செய்திருந்தது எல்லோரும் முதலில் செய்வதுதான்: முடிந்த கோப்புகளின் எண்ணிக்கையை மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து விழுக்காடாகக் காட்டியிருந்தேன். ஆறாம் வகுப்புப் பின்னம். மேலே தொகுதி, கீழே பகுதி.

இந்தக் கணக்கு எவ்வளவு பேதைமையானது என்பதை நான் தினமும் காலையில் அனுபவித்துக்கொண்டே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வரை பேருந்து பறக்கும். பாதி வழி வந்துவிட்டோம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொள்பவர் உள்ளூர்க்காரர் அல்லர் என்று அறிக. தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு நிறுத்தம், அரியாங்குப்பத்தில் ஒரு நெரிசல், முருங்கப்பாக்கம் தொடங்கி முதலியார்பேட்டை வரை நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத ஓர் ஊர்தல். பாதித் தூரம் என்பது பாதி நேரம் அன்று. கோப்புகளும் அப்படித்தான். ஒரு கோப்பு இருநூறு வரிகளில் மாறிலிகளை மட்டும் அறிவித்துவிட்டு முடிந்துவிடும். அந்த இரவில் நின்ற கோப்போ மனிதர் எழுதியதன்று. பைசன் என்னும் கருவி ஓர் இலக்கணத்தைப் படித்து எழுதிக் கொடுத்தது. அதில் ஒய்ஒய்பார்ஸ் என்ற ஒரே செயற்கூறுக்குள் (ஃபங்ஷனுக்குள்) நூற்றுக்கணக்கான கிளைகள் பிரியும், ஒவ்வொரு கிளையும் வேலையை முடித்துவிட்டு மறுபடி தொடக்கத்துக்கே தாவும். எங்களுடையது போன்ற கருவிகளுக்கு அதுதான் முருங்கப்பாக்கம்.

கோப்புகளை எண்ணுவதை விட்டுவிட்டு வரிகளை எண்ணினால் தீராதா என்று கேட்கலாம். செய்து பார்த்தேன். கொஞ்சம் மேம்பட்டது, அவ்வளவுதான். படித்துப் பாகுபடுத்தும் கட்டத்துக்கு வரிக்கணக்கு நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வரியையும் ஏறக்குறைய ஒரு முறைதான் தொடுகிறோம். சிக்கல் அதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் கோப்புப் பதிவிறக்கத்துக்குப் போடும் பட்டைக்கும் நிரல் ஆய்வுக்குப் போடும் பட்டைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது.

நிரலின் ஒவ்வொரு இடத்திலும் எந்த மாறி எந்த மதிப்புகளை ஏற்கக்கூடும் என்பதை இத்தகைய கருவி ஒரே நடையில் கண்டுபிடிப்பதில்லை. கணினியியலாளர் கேரி கில்டால் 1973இல் வகுத்துத் தந்த வழியைத்தான் இன்றும் பெரும்பாலோர் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகிறார்கள்: நிரலின் இடங்களை ஒரு வேலைப்பட்டியலில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே தெரிந்த தகவலைக் கணக்கிட்டு, தகவல் மாறியிருந்தால் அந்த இடத்தைச் சார்ந்திருக்கும் மற்ற இடங்களை மறுபடி பட்டியலில் சேர்க்க வேண்டும். எதுவும் மாறாத நிலை வரும்வரை இது தொடரும். அந்த நிலைக்கு நிலைப்புள்ளி என்று பெயர். நியாயவிலைக் கடை வரிசையில் சர்க்கரை வாங்கிவிட்டு வெளியே வந்தவர், அரிசி மூட்டையை இப்போதுதான் பிரித்தார்கள் என்று கேள்விப்பட்டு மறுபடி கடைசியில் போய் நிற்பதோடு, வீட்டுக்குப் போய்விட்ட அண்டை வீட்டாரையும் கூப்பிட்டு வந்து தமக்குப் பின்னால் நிறுத்துவதைக் கற்பனை செய்து பாருங்கள். இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தாகிவிட்டது என்பது கடைக்காரருக்குத் தெரியும். இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்பது வரிசையைப் பார்த்தால் தெரியாது. தொகுதி கையில் இருக்கிறது; பகுதிதான் இல்லை.

இது முடிவுக்கு வருமா என்ற கேள்விக்கு மட்டும் உறுதியான விடை உண்டு. ஒரு நிரல் ஓடி முடியுமா என்பதை எல்லா நிரல்களுக்கும் சொல்லிவிடக்கூடிய பொது வழிமுறை இல்லை என்று கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1936இலேயே காட்டினார். அதனால் ஆய்வுக் கருவியின் முன்னேற்றத்தையும் சொல்ல இயலாது என்று சிலர் கையை விரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த வாதம் பொருந்தாது. ஆராயப்படும் நிரல் முடிவில்லாமல் சுழலலாம். ஆராயும் நிரலை நாம்தான் முடியும்படி எழுதுகிறோம். பாட்ரிக் கூசோவும் ராதியா கூசோவும் 1977இல் முன்வைத்த அகலப்படுத்தல் என்னும் உத்தி அதற்காகவே இருக்கிறது: ஒரு மாறியின் எல்லை 0 முதல் 1, 0 முதல் 2, 0 முதல் 3 என்று வளர்ந்துகொண்டே போனால், பொறுமை இழந்த தரகரைப் போல் "0 முதல் முடிவிலி வரை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். எனவே ஆய்வு முடியும். அதிகபட்சம் எத்தனை படிகளில் முடியும் என்றும் தாளில் கணக்கிட்டுவிடலாம். ஆனால் அந்த உச்சவரம்பு, இந்தப் பேருந்து பொங்கலுக்குள் புதுச்சேரி சேர்ந்துவிடும் என்று சொல்வதற்கு ஒப்பானது. பொய்யன்று, பயனுமில்லை.

இந்தச் சிக்கலை நேரடியாக எடுத்துக்கொண்டு 2014இல் கொரியாவைச் சேர்ந்த உசுக் லீ, ஹாக்ஜூ ஓ, குவாங்கியுன் யீ ஆகிய மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. துல்லியமான ஆய்வைத் தொடங்குவதற்கு முன், அதே நிரலின் மீது துல்லியம் குறைந்த, மிக மலிவான ஓர் ஆய்வை முழுவதும் ஓட்டிவிட வேண்டும். தகவல் வளரும்போது அது ஓர் ஏணியில் ஏறுவதாகக் கொண்டால், மலிவான ஆய்வு எவ்வளவு உயரத்தில் போய் நின்றது என்பதை வைத்து, உண்மையான ஆய்வு எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று ஊகிக்கலாம். ஏறும் வேகம் சீராக இருக்காது; தொடக்கத்தில் கிடுகிடுவென்று ஏறிவிட்டுக் கடைசியில் ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கும். மலிவான ஆய்வும் ஏறக்குறைய அதே பாங்கில் ஏறியிருக்கும் என்பதால், அதன் வளைவைக் கொண்டே இதன் வளைவை நேர்செய்துகொள்ளலாம். சி நிரல்களை ஆராயும் ஸ்பாரோ என்ற தங்கள் கருவியில் அவர்கள் இதைச் செய்து காட்டினார்கள்.

நாங்கள் அதைச் செய்யவில்லை. எங்கள் கருவியில் மலிவான முன்னாய்வு என்று ஒன்றைப் புதிதாக எழுதி, அதையும் பிழையின்றிப் பராமரிக்க எங்களிடம் ஆள் இல்லை. இருப்பது நான்கு பேர். தவிர, எங்கள் பயனர்கள் ஒரே நிரலைத்தான் திரும்பத் திரும்ப ஆராய்கிறார்கள். நேற்று ஓடிய நிரலில் இன்று பத்துச் செயற்கூறுகள் மாறியிருக்கும், மீதி அப்படியே இருக்கும். நேற்றைய ஓட்டமே இன்றைய ஓட்டத்துக்கு முன்னாய்வு ஆகாதா? நிஞ்சா என்னும் நிரல்கட்டுமானக் கருவி, ஒவ்வொரு படியும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதைத் தன் பதிவுக் கோப்பு ஒன்றில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதைப் பார்த்துத்தான் நாங்களும் ஒவ்வொரு செயற்கூறும் எடுத்துக்கொண்ட நேரத்தை எழுதி வைக்கத் தொடங்கினோம். நடத்துநர் கடிகாரத்தைப் பார்க்காமலே "தவளக்குப்பத்துல லேட்டாவும்" என்று சொல்வது தூரத்தை அளந்து பார்த்தா? நேற்றும் முந்தாநாளும் லேட்டானதால்தானே.

பழைய ஓட்டங்களில் எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. முதலில் சராசரியை எடுத்தேன். ஒருநாள் யாரோ அதே கணினியில் வேறொரு கனமான வேலையை ஓட்டியிருந்ததால் எல்லாச் செயற்கூறுகளின் நேரமும் மூன்று மடங்காகப் பதிவாகி, அடுத்த ஒரு வாரத்துக்கு எங்கள் மதிப்பீடுகள் அனைத்தும் அழுதுவழிந்தன. இப்போது கடைசி ஐந்து ஓட்டங்களின் இடைநிலையை எடுக்கிறோம். மேலும், நொடிகளை நொடிகளாக நம்புவதில்லை. ஒரு செயற்கூறின் நேரம் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டும் பழைய பதிவிலிருந்து எடுத்துக்கொண்டு, இன்றைய கணினி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை இன்றைய ஓட்டத்திலிருந்தே கணிக்கிறோம். இந்த வேகத்தைக் கணிப்பதிலும் அளவு தேவை. தொடக்கம் முதலான சராசரி வேகத்தை எடுத்தால் மதிப்பீடு அசையாது. கடைசி நொடியின் வேகத்தை மட்டும் எடுத்தால் மீதி நேரம் 3 நிமிடத்துக்கும் 3 மணிக்கும் இடையே ஊஞ்சலாடும். பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் பெரிதும் பயன்படுத்தும் டிகியூடிஎம் நூலகம், அண்மைய வேகத்துக்கு 0.3 எடை கொடுத்து ஏற்ற இறக்கத்தை மழுங்கடிப்பதை இயல்பாக வைத்திருக்கிறது. (அதன் பெயர் முன்னேற்றம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.) எங்கள் ஆய்வில் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு பெரிது என்பதால் அதைவிடக் குறைந்த எடையே பொருந்தியது.

கணினியின் எட்டுச் செயலிக் கோர்களில் ஏழு சும்மா இருக்க, ஒன்று மட்டும் அந்தப் பெரிய செயற்கூறைப் பிடித்துக்கொண்டு 57 நிமிடம் அல்லாடியதற்கு மருந்து மிக எளிது, மிகப் பழையதும்கூட. நீண்ட வேலையை முதலில் தொடங்கு என்பதே அது. ஒன்றையொன்று சாராத வேலைகளை இப்படிச் செய்தால் முடியும் நேரம் மிகச் சிறந்த ஒழுங்கின் நேரத்தைப் போல் மூன்றில் நான்கு மடங்கைத் தாண்டாது என்று ரொனால்ட் கிரகாம் 1969இல் நிறுவியிருக்கிறார். எந்த வேலை நீண்டது என்று இப்போது எங்களுக்குத் தெரியும் என்பதால், தான் அழைக்கும் செயற்கூறுகள் முடிந்த உடனேயே ஒய்ஒய்பார்ஸ் தொடங்கிவிடுகிறது. மதிப்பீட்டுக்காகச் சேர்த்த தகவல் வேகத்தையும் கூட்டிவிட்டது. நான் இதை எதிர்பார்க்கவில்லை.

கணக்கு இப்படியென்றால் காட்சி வேறொரு கதை. முன்னேற்றப் பட்டை வேண்டுமா என்பதையே 1985இல் பிராட் மையர்ஸ் சோதித்துப் பார்த்தார். பட்டை உள்ள திரையிலும் இல்லாத திரையிலும் 48 பேரைத் தேடல்கள் செய்ய வைத்தபோது, அவர்களில் 86 விழுக்காட்டினர் பட்டையை விரும்பினர். பின்னாளில் கிறிஸ் ஹாரிசன் குழுவினர் ஒரே கால அளவைப் பலவகையாக நகரும் பட்டைகளில் காட்டி, முடிவை நெருங்கும்போது வேகம் கூடும் பட்டை சுருக்கமாகவும், கடைசியில் தயங்கி நிற்கும் பட்டை நீளமாகவும் மக்களுக்குத் தோன்றுவதை 2007இல் எழுதினார்கள். 2010இல் பட்டைக்குள் ஓடும் கோடுகளைப் பின்னோக்கி நகர்த்தியே, உணரப்படும் நேரத்தை 11 விழுக்காடு குறைத்துக் காட்டினார்கள். சுவையான ஆய்வுதான். ஆனால் பட்டையை வேண்டுமென்றே வளைத்துக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கடையின் வலைப்பக்கத்தில் அரை நிமிடக் காத்திருப்பை இனிமையாக்க அது உதவலாம். எங்கள் பயனர் அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் சாப்பிடப் போகலாமா, வீட்டுக்குப் போகலாமா, நிறுத்திவிடலாமா என்று முடிவெடுக்கிறார். அவருக்குத் தேவை இனிமையன்று.

ஆகவே நிலைப்புள்ளிக் கட்டத்தில் விழுக்காட்டை அடியோடு எடுத்துவிட்டோம். முதல் முறையாக ஆராயப்படும் நிரலுக்கு, இதுவரை முடிந்த செயற்கூறுகள் எத்தனை, வேலைப்பட்டியலில் இப்போது இருப்பவை எத்தனை, அந்தப் பட்டியல் வளர்கிறதா தேய்கிறதா என்ற மூன்றை மட்டும் காட்டுகிறோம். முன்பே ஆராயப்பட்ட நிரலாக இருந்தால் மீதி நேரத்தை ஓர் எண்ணாக அல்லாமல் "20 முதல் 35 நிமிடம்" என்று வீச்சாகக் காட்டுகிறோம். இதற்கு எதிர்ப்பு இருந்தது. எண் பின்னுக்குப் போனால் பயனர் நம்பிக்கை இழப்பார் என்றார் எங்களில் மூத்தவர். நிரல்திருத்திகளும் மொழிக் கருவிகளும் பேசிக்கொள்வதற்கான எல்.எஸ்.பி. நெறிமுறையும் அவர் பக்கம்தான் நிற்கிறது: விழுக்காடு அனுப்பினால் அது ஏறிக்கொண்டே போக வேண்டும், ஏறாத மதிப்பை நிரல்திருத்தி புறக்கணித்துவிடலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அதே நெறிமுறை, விழுக்காடே அனுப்பாமல் செய்தியை மட்டும் அனுப்பவும் இடம் தருகிறது. நாங்கள் அந்த வாசல் வழியாக நுழைந்துகொண்டோம்.

எங்கே காட்டுவது என்பதில் நான் செய்த இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். பட்டையைப் புதுப்பிக்க வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் குறியை அனுப்பி, அதே வரியின் மேல் மறுபடி எழுதுவது வழக்கம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில் அழகாக இருக்கும். அதே வெளியீடு இரவுநேரத் தானியங்கி ஓட்டத்தின் லாக் கோப்புக்குள் போனபோது, நொடிக்குப் பத்து முறை எழுதிய பட்டை அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து, கண்டுபிடித்த பிழைகள் அந்தக் குப்பைக்குள் புதைந்துபோயின. இப்போது முடிவுகள் இயல்பு வெளியீடு என்ற வழியிலும் முன்னேற்றம் பிழை வெளியீடு என்ற தனி வழியிலும் போகின்றன; மறுமுனையில் இருப்பது டெர்மினல் அல்ல என்று தெரிந்தால் பட்டை மறைந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு முழு வரி எழுதப்படுகிறது.

உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விதான் கடைசியாக எஞ்சியது. அந்த மழை இரவில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது விழுக்காடு அல்ல, இது ஓடுகிறதா தொங்கிவிட்டதா என்பதுதான். கடலூர்க்காரர்களுக்குப் புயல் கூண்டு பழக்கமானது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதைப் பார்த்தவர்கள், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று இன்றும் முதலில் கேட்பார்கள். அந்த முறையில் 11 எண்கள் உண்டு. தொலைவில் புயல்சின்னம் என்பதிலிருந்து பெரும் அபாயம் வரை 10 எண்களில் ஏறிக்கொண்டு போகும். 11ஆவது எண் புயலின் அளவைச் சொல்வதன்று. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகலாம் என்று இங்குள்ள அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். தெரியவில்லை என்பதற்கென்றே ஒரு கூண்டை ஒதுக்கி வைத்த அந்தப் பழைய ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. (லினக்ஸில் 11ஆம் எண் சைகை வந்தால் நிரல் தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டுச் செத்துவிட்டது என்று பொருள், அதுவும் ஒருவகைத் தொடர்பறுதல்தான்.)

எங்கள் கருவியிலும் அப்படி ஒரு நிலையைச் சேர்த்தோம். ஆய்வைப் பங்கிட்டுச் செய்யும் ஒவ்வொரு வேலையாளும் (அதுவும் ஒரு நிரல்தான்) தான் எந்தச் செயற்கூறில், எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்பதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை எழுதிவிட வேண்டும். அரை நிமிடம் எழுதாவிட்டால் திரையில் மீதி நேரம் நீங்கி, அந்த வேலையாளிடமிருந்து தகவல் இல்லை என்ற வரி மட்டும் நிற்கும். இந்த உயிர்த்துடிப்பை எழுதுவது ஆய்வு செய்யும் அதே இழையாகத்தான் (நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத்தொடர்) இருக்க வேண்டும் என்பதைத் தவறு செய்து கற்றுக்கொண்டோம். தனி இழையிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தபோது, ஆய்வு உண்மையிலேயே தொங்கிவிட்ட பிறகும் துடிப்பு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒரு மாலை, வில்லியனூர் இளைஞர் மறுபடி அழைத்தார். "அண்ணே, ஒய்ஒய்பார்ஸ்ல முப்பத்தெட்டு நிமிஷமா இருக்கு. போன தடவ அம்பத்தேழுன்னு காட்டுது, பட்டியல் கொறைஞ்சுக்கிட்டே வருது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஓட விட்டுட்டுக் கெளம்புறேன்" என்றார். சரி என்றேன். அன்று அது 63 நிமிடம் எடுத்துக்கொண்டது. இலக்கணத்தில் யாரோ இரண்டு விதிகளைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.